பறக்காத சிறகுகள்: ஈப்போ டத்தோ பண்டார் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டத்தோ பண்டார் அவர்களுக்கு,

ஈப்போவின் ஜெலாப்பாங்கில் குடியிருக்கும் ஒருவன் எழுதும் மடல் இது. குப்பை வண்டி, தெருவிளக்கு, சாலைக் குழி என்று நாள்தோறும் தங்கள் மேசைக்கு மனுக்கள் வரும் என்பது எனக்குத் தெரியும். நான் எழுதுவது இங்குள்ள குட்டைகளில் பறக்க முடியாமல் திரியும் வாத்துகளைப் பற்றி. சின்ன விஷயம் என்று ஒதுக்காமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

ஜெலாப்பாங் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் பழைய டோல் சாவடிதான் நினைவுக்கு வரும். இங்கேயே வாழ்கிறவர்களுக்கு இது குட்டைகளின் ஊர். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய இடமெல்லாம் பள்ளமானது; பள்ளமெல்லாம் தண்ணீர் நிறைந்தது. 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்த பிறகு, எங்கள் பெரியவர்கள் ஈயலம்பம் என்று சொன்ன சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பால்மரக் காடுகள் தாமான்களாயின. குட்டைகளிலும் பலவற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். மிச்சமிருக்கும் குட்டைகளுக்குப் பறவைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. கொக்கு, மீன்கொத்தி, நீலத் தாழைக்கோழி, கம்புள் கோழி, அந்தி நேரத்தில் சீழ்க்கையடித்துக்கொண்டு கூட்டமாகக் கிளம்பும் பெலிபிஸ். தமிழ்நாட்டில் சீழ்க்கைச் சிறகி என்று அழைக்கப்படும் அதே காட்டு வாத்துதான் இந்தப் பெலிபிஸ். மாலை நடைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் இவற்றோடு பழக்கம் உண்டு.

அந்த நடைகளில்தான் இதைக் கவனித்தேன். சில வாத்துகளின் சிறகு உடம்போடு ஒட்டி மடிவதில்லை. சிறகின் கடைசிப் பகுதி, நம் கையில் மணிக்கட்டு இருக்கும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கிக்கொண்டு, இறகுகள் பக்கவாட்டில் நீட்டி நிற்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கம். சிலவற்றுக்கு இரண்டு பக்கமும். அந்த வாத்து நீந்தும், மேயும், மற்ற வாத்துகளோடு சண்டையும் போடும். பறக்க மட்டும் முடியாது. முதலில் வீட்டில் வளர்த்துக் குட்டையில் விட்டுவிட்டுப் போன செராத்தி வாத்துகளிடமும் வெள்ளை அங்சா என்னும் பெருவாத்துகளிடமும்தான் இதைப் பார்த்தேன். அண்மையில் ஒரு பெலிபிஸிடமும் அதே கோணல் தெரிந்தது. கையில் பிடித்துப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

செராத்தி பறக்காவிட்டால் அதன் வாழ்க்கை பெரிதாக மாறிவிடாது. பெலிபிஸ் அப்படியல்ல. பகலில் குட்டையில் ஓய்வெடுத்து, இருட்டத் தொடங்கியதும் இரை தேடி வேறு நீர்நிலைக்கோ வயலுக்கோ பறந்து போகும் பறவை அது. கூட்டம் கிளம்பும்போது அது மட்டும் தண்ணீரிலேயே நின்றுவிடும். பிறகு உடும்பிடமிருந்தும் மலைப்பாம்பிடமிருந்தும் தெருநாய்களிடமிருந்தும் தப்பிக்க அதற்கு வழி இல்லை. சிறகு கோணிய காட்டு வாத்துகள் அதிகம் கண்ணில் படாததற்கு அவை அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பார்ப்பதெல்லாம் ஊனம் என்று சொல்லிவிடவும் கூடாது. வாத்து இனங்கள் பறப்பு இறகுகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். புது இறகு முளைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நல்ல ஆரோக்கியமான வாத்தும் பறக்காது. வளர்ப்பு வாத்துகளின் இறகை உரிமையாளர்களே வெட்டிவிடுவதும் உண்டு. மீன்பிடிப்பவர்கள் விட்டுச்செல்லும் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டால் சிறகு தொங்கும். அந்த நரம்பை அறுத்துவிட்டால் சில பறவைகள் பிழைத்துக்கொள்ளும். காரீய நஞ்சு ஏறினாலும் சிறகு தொங்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் சொல்லும் முறுக்கம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அது மூட்டு வளரும்போதே கோணிவிடுவதால் வருவது.

கால்நடை மருத்துவர்கள் இதை ஏஞ்சல் விங் என்கிறார்கள். வாத்துக்குஞ்சு வேகமாக வளரும் வாரங்களில் பறப்பு இறகுகள் முளைக்கும். முளைக்கும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அதனால் அந்த வயதில் இறகு கனமாக இருக்கும். அந்தக் கனத்தைத் தாங்கும் அளவுக்கு மணிக்கட்டு மூட்டு முதிர்ந்திருக்க வேண்டும். இறகு முந்திக்கொண்டு மூட்டு பின்தங்கினால், ஈரத் துணியின் கனம் தாங்காமல் தொய்யும் கொடி போல அந்த மூட்டு இழுபட்டுத் திரும்பிவிடுகிறது. எலும்பு முற்றியதும் அந்தக் கோணல் அப்படியே நிலைத்துவிடும். குஞ்சாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், சிறகை இயல்பான நிலையில் மடித்துச் சில நாள் கட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியும். முதிர்ந்த வாத்துக்கு இந்தக் கட்டு உதவாது. பிந்திப்போனால் வாய்ப்பு போய்விடும் என்பதால்தான், பார்த்தவர் உடனே யாரிடம் சொல்வது என்ற கேள்வி எனக்கு இவ்வளவு முக்கியமாகப்படுகிறது.

இறகு ஏன் முந்துகிறது? மாவுச்சத்தும் புரதமும் மிகுந்த தீனி குஞ்சை அளவுக்கு மீறி வேகமாக வளர்க்கிறது. அதே தீனியில் மாங்கனீசு, வைட்டமின் டி, வைட்டமின் ஈ போன்றவை குறைந்திருந்தால் எலும்பும் மூட்டும் ஈடுகொடுப்பதில்லை. மருத்துவர்களிடையே அதிகம் சொல்லப்படும் விளக்கம் இதுதான். பரம்பரையும் ஓரளவு சேரும் என்பார்கள். மாங்கனீசுக்கும் பறவையின் எலும்புக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. அது குறைந்தால் கோழிக்குஞ்சின் கால் மூட்டு பிறழும் என்று 1930களிலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டிவிட்டார்கள். மனிதர் தீனி போடாத இடங்களில் இந்தச் சிறகுக் கோணல் அரிது. எங்கள் குட்டைகளில் யாராவது தீனி போடாத மாலையே இல்லை. ரொட்டித் துண்டு, பிஸ்கட், முறுக்குத் தூள், மிஞ்சிய சோறு.

எல்லாம் ரொட்டியால்தான் என்று நான் எழுதி முடித்துவிடலாம். தங்களுக்கும் ஓர் அறிவிப்புப் பலகையோடு வேலை முடிந்துவிடும். அது நேர்மையாக இருக்காது. 2018இல் இங்கிலாந்தில், ரொட்டி போடாதீர்கள் என்ற பிரச்சாரத்தால் அன்னங்கள் பட்டினி கிடக்கின்றன என்று சொல்லி, அரசியின் அன்னக் காப்பாளர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பறவையியலாளர் பேராசிரியர் கிறிஸ்டோஃபர் பெரின்ஸ் அதன் பின்னால் நின்றார். ரொட்டிக்கும் சிறகுக் கோணலுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று இல்லை, ரொட்டியையே பார்க்காத அன்னக்குஞ்சுகளுக்கும் அது வருகிறது என்பது அவர்கள் வாதம். கற்றறிந்தவர்கள் சொன்னதை மறைத்துவிட்டு நான் தங்களிடம் வாதாடக் கூடாது. ஆனால் அந்த அறிக்கை குளிர்காலத்தில் இரை இல்லாமல் வாடும் அன்னங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பேராக்கில் பனி பெய்வதில்லை. ஆண்டு முழுதும் குட்டையில் பாசி உண்டு, விதை உண்டு, நத்தை உண்டு. பெலிபிஸுக்கு நம் ரொட்டி தேவையே இல்லை. போட்டதில் பாதி கரையில் கிடந்து எலிக்குத் தீனியாகிறது. எலி வந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் வரும். தண்ணீரில் விழுந்தது அழுகி நீரைக் கெடுக்கிறது. ஆகவே, தொடர்பு முழுதாக நிரூபிக்கப்படும்வரை காத்திருக்காமல் இங்கே தீனி போடுவதை நிறுத்தச் சொல்லலாம் என்பது என் துணிபு.

நிறுத்தச் சொல்லும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, காட்டு விலங்குக்கும் பறவைக்கும் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். இங்கும் அப்படித் தொடங்கக் கூடாது. குட்டைக்குத் தீனி கொண்டுவருகிறவர் யார்? பேரனின் கையைப் பிடித்து வரும் தாத்தா. தோட்டத்து லயத்தில் வாத்து வளர்த்த பழக்கம் விடாத பாட்டி. தான் சாப்பிடும்முன் காக்கைக்குப் பிடிச் சோறு வைக்கும் வீட்டிலிருந்து வருகிறார்கள். அந்தக் கையை அபராதச் சீட்டால் அடித்தால் மனம்தான் கசக்கும். இந்த ரொட்டி குஞ்சின் சிறகைக் கெடுக்கக்கூடும் என்று மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும், கோணிய சிறகின் படத்தோடு எழுதிவையுங்கள். காரணம் தெரிந்தால் நம் மக்கள் கேட்பார்கள். வளர்த்த வாத்தைக் கொண்டுவந்து குட்டையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் வேறு. அவர்களிடம் கண்டிப்பாக இருக்கலாம்.

தீனியைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர்.

காரீயத்தைப் பற்றிச் சொல்வதாக எழுதினேன். தூண்டிலில் கட்டும் சிறு காரீயக் குண்டுகள் அறுந்து குட்டையின் அடியில் கிடக்கும். வாத்து இனங்கள் இரையை அரைக்க வயிற்றில் கூழாங்கல் சேர்ப்பவை. கல் என்று குண்டையும் விழுங்கிவிடும். நஞ்சு ஏறிய பறவை மெலியும், சிறகு தொங்கும், கழுத்து வளையும், பிறகு சாகும். இங்கிலாந்தில் தேம்ஸ் நதி அன்னங்கள் இப்படித்தான் பெருமளவில் குறைந்தன. 1987இல் சிறிய காரீயக் குண்டுகளின் விற்பனை அங்கே தடை செய்யப்பட்டது; அன்னங்களின் எண்ணிக்கை மீண்டது. எங்கள் குட்டைகளில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கரையோரம் வரிசையாகத் தூண்டில்கள். மீன்பிடிப்பவர்களை விரட்ட வேண்டியதில்லை. எஃகிலும் குண்டு கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொன்னாலே போதும். அறுந்த நரம்பைப் போட ஒரு தொட்டி வைத்தால் இன்னும் நல்லது.

கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் நடந்தது இதைவிடப் பெரியது. சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பாசன நிலங்களிலிருந்து வடிந்த நீரை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது பறவைகளுக்கான சரணாலயமும் கூட. மண்ணில் இயல்பாகவே இருந்த செலினியத்தைப் பாசன நீர் கரைத்துக்கொண்டு வந்து குளங்களில் சேர்த்தது. முதலில் மீன்கள் மறைந்தன. 1983இல் கூடுகளைப் பார்க்கப் போன அரசு உயிரியலாளர்கள், கண் இல்லாத, அலகு கோணிய, காலும் சிறகும் குறைப்பட்ட குஞ்சுகளையும் கருக்களையும் கண்டார்கள். நாமக்கோழி, வாத்து, முக்குளிப்பான் என்று பல இனங்களில் அது தெரிந்தது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. அதன் ஆபத்தைப் பறவைகள்தான் மனிதர்களுக்குக் காட்டின. வடிநீரை நிறுத்தி, பள்ளங்களை மண்ணால் மூடினார்கள்.

கிந்தாவின் மண்ணும் வெறும் மண் அல்ல. இங்கே ஈயத் தாதுவோடு ஆர்செனிக் கலந்த தாதுக்களும் சேர்ந்து கிடந்தன. ஈயத்தைக் கழுவி எடுத்த பின் மிஞ்சும் அமாங்கில் மோனசைட் உண்டு; மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்த மோனசைட்டைக் கொண்டு 1982இல் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் கதை ஈப்போக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதிரியக்கக் கழிவை எதிர்த்து அவ்வூர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994இல் ஆலையே மூடிக்கொண்டது. ஜெலாப்பாங் வாத்துக்கும் புக்கிட் மேராவுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில், தண்ணீரிலும் மண்ணிலும் என்ன இருக்கிறது என்று குடியிருப்பவர் கேட்டால் அது நியாயமான கேள்வி என்று மட்டும் சொல்கிறேன். மூட்டு மட்டும் முறுக்கிய சிறகு தீனியைச் சுட்டலாம். அதோடு அலகோ கண்ணோ காலோ கோணிய குஞ்சு ஒன்று தென்பட்டால் அது நஞ்சைச் சுட்டலாம். இரண்டில் எது என்று பார்த்துக் குறித்து வைக்க இப்போது ஒருவரும் இல்லை.

விலங்குக்கு வந்த நோயை விலங்கின் பாடு என்று விட்டதன் விலை ஈப்போவுக்குத் தெரியும். 1998 செப்டம்பரில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பண்ணைகளில் பன்றிகளும் மூச்சுத் திணறி இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது நிப்பா என்று உலகம் அறிந்தது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்குப் போய்விட்டது. நாடு முழுதும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொல்லப்பட்டன. சிறகு கோணிய வாத்து தொற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று யாரையும் நான் பயமுறுத்தவில்லை; ஏஞ்சல் விங் ஒட்டுவதே இல்லை. விலங்கின் உடம்பில் தெரியும் மாற்றத்தை உடனே பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் வேண்டும் என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன்.

இதற்கு வேண்டிய ஆட்கள் எல்லாரும் அருகிலேயே இருக்கிறார்கள். நாட்டின் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948 முதல் ஈப்போவில்தான் இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்தின் பேராக் கிளை இருக்கிறது. பழைய ஈயக்குட்டைகளுக்கு நடுவே எழுந்த துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் கம்பாரில் இருக்கிறது. குறை என்னவென்றால் ஒரு வாத்துக்கு ஐந்து இலாகாக்கள். காட்டு வாத்து என்றால் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகா, வளர்ப்பு வாத்து என்றால் கால்நடை இலாகா, தண்ணீர் கெட்டால் சுற்றுச்சூழல் இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா, நிலம் யாருடையது என்றால் நில அலுவலகம். வழியில் பார்த்தவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. நடைபாதையும் பூங்காவும் குப்பைத் தொட்டியும் மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. அதனால் இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கத் தங்களால்தான் முடியும்.

ஒரே ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தால் போதும். பார்த்தவர் படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் போட்டு அனுப்பட்டும். குஞ்சாக இருந்தால் அன்றே கால்நடை மருத்துவருக்குச் செய்தி போகட்டும். பார்த்தவர்களே பிடிக்க முயன்று இன்னும் காயப்படுத்த வேண்டாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. அதற்கு இங்கே தன்னார்வலர்கள் இறங்கும்போது, எத்தனை பறவை என்பதோடு எத்தனைக்குச் சிறகு கோணியிருக்கிறது என்ற ஒரு பத்தியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாம். பிள்ளைகளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இரண்டு மூன்று ஆண்டுகள் குறித்து வந்தாலே, எந்தக் குட்டையில் அதிகம், தீனி போடும் குட்டையிலா போடாத குட்டையிலா என்று தெரிந்துவிடும். ரொட்டியா தண்ணீரா என்ற வாதத்தை அந்த ஏடு தீர்த்துவைக்கும்.

தண்ணீரையும் அடிச் சேற்றையும் சோதிக்க வேண்டும். ஆர்செனிக், காரீயம், காட்மியம், செலினியம் நான்கையும் பார்த்தாலே தொடக்கத்துக்குப் போதும். சேற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் சோதித்தால் பயன் குறைவு. வாத்து அலகால் துழாவுவது சேற்றைத்தான், உலோகங்கள் தங்குவதும் அங்கேதான். முடிவு எதுவானாலும் பொதுமக்கள் பார்க்க வெளியிடுங்கள். நல்ல முடிவு வந்தால் நாங்கள் நிம்மதியாக நடப்போம். மோசமான முடிவு வந்தால், அதே குட்டையில் பிடித்த தீலாப்பியாவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கும் குடும்பங்கள் அதை உடனே அறிய வேண்டும். வாத்துக்காகத் தொடங்கிய இந்த மடலில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்தக் குழம்புச் சட்டிதான்.

எனவே டத்தோ அவர்களே, முதல் வேலையாக ஜெலாப்பாங் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு குட்டையின் நீரையும் சேற்றையும் சோதிக்க உத்தரவிடுங்கள். அடுத்த ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முன் முடிவு கைக்கு வரட்டும். எந்தக் குட்டையில் எந்த வாத்து என்று தங்கள் அதிகாரிகளுக்குக் காட்ட, அவர்கள் சொல்லும் நாளில் சொல்லும் நேரத்தில் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெலாப்பாங் குடியிருப்பாளர் ஒருவர்